காமன் பண்டிகைக்குப் பிள்ளைகளை வைத்து லாவணி நடத்த ஆசை: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

காவேரிக்கரை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கலந்து உட்காருவார்கள். பெண் பிள்ளைகள்தான் அதிகம்.

மாசி பிறந்துவிட்டது. சம்பா அறுத்த வயலில் உளுந்து பூத்து நிற்கிறது. வீட்டுக்கு வீடு புது வைக்கோல் போர். இன்னும் கொஞ்ச நாளில் தெருமுனையில் மன்மதன் நினைவாகக் காமன் நட்டுவிடுவார்கள். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை பார்த்து, பேய்க்கரும்பும் ஆமணக்கும் சேர்த்து நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, தினம் வரட்டி அடுக்கிக்கொண்டே போய்ப் பௌர்ணமியில் எரிப்பது எங்கள் ஊர் வழக்கம். வரட்டி சேர்ப்பது முழுக்கப் பிள்ளைகள் பொறுப்பு. இந்த இரண்டு வாரமும் திண்ணைக்கு வருகிறவர்கள் கையில் சாண வாசனைதான்.

போன வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், காமன் நிஜமாவே எரிஞ்சு போயிட்டானா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள், "எரிஞ்சா அடுத்த வருஷம் எப்படி வருவான்?" என்றாள். அவ்வளவுதான், திண்ணை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கணக்குப் பாடம் அன்றைக்கு நடக்கவே இல்லை. ஒருவர் சொன்னதை மறுக்க இன்னொருவர் காரணம் தேடியதைப் பார்த்தபோது, இதைத்தானே நம் பெரியவர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடியப் பாடினார்கள் என்று தோன்றியது. என் சின்ன வயதில் எங்கள் ஊரிலும் இப்படிக் கேள்வி பதிலாகப் பாடும் லாவணி நடந்தது. இப்போது ஸ்பீக்கர் செட் கட்டிச் சினிமாப் பாட்டுப் போடுகிறார்கள். பாடியவர்கள் யாரும் இப்போது இல்லை.

காமனை எரிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளே பாட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. எந்த மெட்டில் ஆரம்பிப்பது, கையில் பிடித்துத் தட்டும் டேப்புக்கும் ஒற்றைக் கம்பி மீட்டும் துந்தினாவுக்கும் எங்கே போவது, கேள்வி பதிலை நானே எழுதிக் கொடுக்கலாமா என்று எதுவுமே பிடிபடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் மேலத்தெருவுக்கு ஒரு காமன், கீழத்தெருவுக்கு ஒரு காமன். என் திண்ணைக்கு இரண்டு தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். எந்தக் காமன் முன்னால் பாடினாலும் பாதிப் பேர் வீட்டில் முகம் சுளிப்பார்கள். இதை எப்படிக் கையாளுவது? பெண் பிள்ளைகள் லாவணி பாடினால் பெரியவர்கள் ஏதாவது சொல்வார்களோ என்ற யோசனையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எரியாத கட்சிக்காரன்:

டீச்சரம்மா, ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பகலில் நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுவிட்டு, மாசியில் ராத்திரி லாவணிக்குப் போய்க்கொண்டிருந்தவன். எங்கள் வாத்தியார் எரியாத கட்சி. அதனால் நானும் எரியாத கட்சி. இப்போது குரல் எழும்புவதில்லை. ஆனால் பாட்டு அப்படியே இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் திண்ணையில் அன்றைக்கு நடந்ததுதான் லாவணி. மீதி எல்லாம் அதற்கு மெட்டும் தாளமும் சேர்ப்பதுதான். ஆகவே பாட்டு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்து மேடையேற்றாதீர்கள். அது ஆண்டு விழா நடனம் ஆகிவிடும். எதிர்க்கட்சி என்ன கேட்கப் போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிள்ளை காதைத் தீட்டிக்கொள்ளும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். தாட்சாயணி போன பிறகு சிவன் கண்ணை மூடித் தவத்தில் உட்கார்ந்துவிட்டார். சூரபத்மன் தொல்லை தாங்கவில்லை. சிவனுக்குப் பிறக்கும் பிள்ளைதான் அவனை அடக்க முடியும். தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள் தேவர்கள். ரதி போகாதே என்கிறாள். அவன் போகிறான். கரும்பு வில், வண்டு நாண், பூ அம்பு. நெற்றிக்கண் திறக்கிறது. அப்புறம் ரதி அழுது கேட்க, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவனைத் திருப்பித் தருகிறார் சிவன்.

இந்தக் கடைசி வரியில்தான் சண்டையே. திருப்பித் தந்தார் என்றால் போனது உண்மைதானே என்பான் எரிந்த கட்சி. ரதி பார்க்கிறாளே, இல்லாததை எப்படிப் பார்ப்பாள் என்போம் நாங்கள். சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் ஒன்றான திருக்குறுக்கையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாயவரம் பக்கம், அப்பர் பாடிய தலம். காமனை எரித்த இடம் என்று கோயிலே நிற்கிறது, இன்னும் என்ன சாட்சி வேண்டும் என்பார்கள். அதற்கு நாங்கள், அவனுக்கு அனங்கன், உடம்பில்லாதவன், என்று பேர் உண்டே, உடம்புதானே போயிற்று, அவன் தொழில் போயிற்றா, போயிருந்தால் இந்த ஊரில் ஒரு கல்யாணம் நடக்குமா, ஒரு தொட்டில் ஆடுமா என்று கேட்போம். உடனே அவர்கள், கிருஷ்ணனுக்கும் ருக்மிணிக்கும் பிரத்யும்னனாகப் பிறந்தது மன்மதன்தானே, எரிந்ததால்தானே மறுபிறப்பு என்று மடக்குவார்கள். இப்படியே போகும். ஒரு ராத்திரியில் கந்தபுராணம், பாரதம், பாகவதம் எல்லாம் வந்து போய்விடும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். புராணம் எனக்குத் தெரிந்தது லாவணியால்தான். அடுத்த வருஷம் எதிர்க்கட்சியை மடக்க வேண்டுமே என்று நூலகத்தில் போய் உட்கார்ந்து படிப்போம்.

மெட்டுக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஆனந்தக் களிப்பு மெட்டு போதும், 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' பாடுகிற மெட்டு. இரண்டு முறை கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மாதிரிக்கு எங்கள் கட்சிக் கேள்வி ஒன்று எழுதியிருக்கிறேன்:

மாமரம் பூத்தது பாரு - அந்த
மன்மதன் மாண்டதாய்ச் சொன்னவர் யாரு?
பூமணம் வீசுது தோப்பு - அவன்
போய்விட்டான் என்பது யார்சொன்ன தீர்ப்பு?

எரிந்த கட்சி சும்மா இருக்குமா? அவர்களுக்கும் ஒன்று:

நெற்றிக்கண் பட்டது நேரே - அதில்
நீறாகிப் போகாமல் நின்றவர் யாரே?
முற்றும் எரிந்தது மேனி - ரதி
மூர்ச்சித்து வீழ்ந்தாளே பொய்யாசொல் ஞானி?

இந்த இரண்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். மூன்றாவது பாட்டை அவர்களே கட்டட்டும். முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும், இரண்டு இரண்டு அடி கடைசியில் ஒத்துப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்தில் எதுகை, இயைபு என்று படித்திருப்பார்கள். அது எதற்கு என்பது இங்கேதான் தெரியும்.

டேப் பற்றி. ஆட்டுத்தோல் போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள். பாடுவதற்கு முன்னால் தோலைக் காய்ச்ச வேண்டும். ஒரு கை வைக்கோலைக் கொளுத்தி, தீ அடங்கி அனல் மட்டும் இருக்கும்போது டேப்பை ஒரு முழ உயரத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் தோல் வெடித்துவிடும். நடுநடுவே எடுத்து நடுவிரலால் ஓரத்தில் தட்டிப் பாருங்கள். முதலில் சொத்தென்று இருக்கும். சூடு ஏற ஏறச் சத்தம் மேலே போகும். கணீரென்று வந்த உடனே நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. மாசிப் பனியில் அரை மணிக்கு ஒரு தடவை மறுபடி தளர்ந்துவிடும், அதனால் அனல் சட்டி பக்கத்திலேயே இருக்கட்டும். காய்ச்சும் வேலை மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

தஞ்சை மராத்தி வாசகர்:

பெரியவர் எல்லாம் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சின்னச் சேர்க்கை. தஞ்சாவூரை மராத்தியர் ஆண்டது 1676 முதல் 1855 வரை. லாவணி அவர்களோடு வந்ததாகத்தான் சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் லாவணி பாடுகிறவர்களில் கல்கி, துரா என்று இரண்டு கட்சி உண்டு. கல்கிக் கட்சி சக்தியை உயர்த்திப் பாடும், துராக் கட்சி சிவனை உயர்த்திப் பாடும். அங்கேயும் கேள்வி பதில்தான். ஒற்றைக் கம்பி துந்தினாவும் அங்கே உண்டு. அந்த வழக்குச் சண்டை இங்கே வந்து நம் காமன் கதையில் ஏறிக்கொண்டது. வேறு பாஷைக்காரர்கள் கொண்டுவந்ததை நம் கிராமத்து உழவர்கள் எடுத்துத் தங்கள் புராண அறிவையெல்லாம் அதில் கொட்டியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கும், 1981 முதல் நடக்கிறது. முடிந்தால் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆனால் அங்கே அவர்கள் பார்க்கிறவர்கள்தான். நீங்கள் செய்யப் போவதில் அவர்கள் பாடுகிறவர்கள்.

பத்தாம் வகுப்பு அப்பா:

டீச்சர், நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாசி, பங்குனி என்றாலே பரீட்சைக் காலம். மார்ச் மாதம் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. எங்கள் தெருவில் போன வருஷம் திருவிழா என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஸ்பீக்கர் போட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டமே இருக்கிறது, யார் கேட்கிறார்கள்? லாவணியும் அப்படி ஒரு சத்தமாக ஆகிவிடக் கூடாது. அந்த ஊர்ப் பெற்றோர் சார்பாகச் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை:

வணக்கம் டீச்சர். நான் ஹட்டன் பக்கம், இலங்கை மலையகம். இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்க தோட்டத்திலும் மாசியில் காமன் ஊன்றுவோம். கோப்பிக் காலத்தில் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து இங்கே வந்த எங்க முன்னோர்கள் கொண்டுவந்தது. பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு, காமன் கூத்து, இந்த மூன்றும்தான் எங்க மலைநாட்டுக் கூத்துகளில் பெரியவை.

ஆனால் இங்கே கட்சி கட்டிப் பாடுவதை நான் பார்த்ததில்லை. நாங்கள் கதையை ஆடுவோம். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் காமன் பொட்டல் என்று ஓர் இடம் உண்டு, அங்கேதான் எல்லாம். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடத்துவோம், நிஜக் கல்யாணம் மாதிரி மொய் எழுதுவதும் உண்டு. பிறகு தூதன் ஓலை கொண்டுவருவான். ரதி கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று தடுப்பாள். அந்த இடத்தில் ரதியும் மதனும் மாறி மாறிப் பாடுவதுதான் உங்க லாவணிக்குக் கிட்ட வரும் என்று நினைக்கிறேன். அவள் ஒரு காரணம் சொல்வாள், அவன் ஒரு பதில் சொல்வான். காலையில் கொழுந்துக்குப் போக வேண்டிய அம்மாக்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து கேட்பார்கள். ரதி வேஷம் எங்க தோட்டத்தில் ஆண்பிள்ளைகள்தான் கட்டுகிறார்கள். மாமா மகன் ஒருவர் ரதி கட்டுவார். சேலை கட்டி, நகை போட்டு, முகத்தில் அரிதாரம் ஏறியதும் எங்க அம்மாவே அவரை "தாயே" என்றுதான் கூப்பிடுவார்.

உங்களுக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். எங்க கூத்து மாஸ்டர் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பாட்டுச் சொல்லிக் கொடுக்க மாட்டார். தப்புப் பறை அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார வைப்பார். வேஷத்துக்கு வேஷம் அடி மாறும். வீரபத்திரன் வரவுக்கு ஓர் அடி, ரதி வரவுக்கு ஓர் அடி. அடியைக் கேட்டு வருவது யார் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் பாட்டு. உங்க பிள்ளைகளையும் முதல் சில நாள் தாளம் மட்டும் தட்ட வையுங்கள். தொடையில் தட்டினாலும் போதும். தாளம் உடம்பில் ஏறிவிட்டால் பாட்டு கட்டும்போது அளவு தானாக வந்துவிடும்.

காவேரிக்கரை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஒரத்தநாட்டு அய்யா, நீங்கள் எழுதிய இரண்டு பாட்டையும் நேற்றுத் திண்ணையில் படித்துக் காட்டினேன். மெட்டு எனக்குச் சரியாக வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் உள்ளே இருந்து கேட்டுவிட்டு வந்து, "இப்படிப் பாடணும்" என்று பாடியே காட்டிவிட்டார். அவருக்கு ஆனந்தக் களிப்பு என்ற பேர் தெரியவில்லை, மெட்டு தெரிந்திருக்கிறது. இப்போது அவரும் தினம் வந்து உட்காருகிறார்.

ஹட்டன் தம்பி சொன்னபடி தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டோம். தொடையில் தட்டித் தட்டி, சாக்பீஸ் பெட்டி, சாப்பாட்டு டப்பா என்று போய்விட்டது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறவன், தாளத்தில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறான். அவன் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

பரீட்சை பற்றி எழுதிய அண்ணாவுக்கு: மைக் வைக்கப் போவதில்லை. ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிப்போம். எங்கள் தெருவில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் யார் யார் என்று தெரியும். அவர்கள் வீட்டில் போய் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தெரு விஷயத்துக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒருவர், மேலத்தெரு எரிந்த கட்சி, கீழத்தெரு எரியாத கட்சி என்று பிரித்துவிடுங்கள், சுலபமாக முடிந்துவிடும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

எரியாத கட்சிக்காரன்:

ஒப்ப வேண்டாம் டீச்சரம்மா. அப்படி மட்டும் பிரித்துவிடாதீர்கள். கட்சி என்பது ஒரு ராத்திரிக்குத்தான். தெரு வருஷம் முழுக்க இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், தோற்ற பிள்ளை பாட்டில் தோற்றதாக நினைக்காது, அதன் அப்பாவும் நினைக்க மாட்டார். எங்கள் பக்கம் ஓர் ஊரில் அப்படிப் பிரித்துப் பாடி, காமன் எரிவதற்கு முன்னால் கைகலப்பாகி, அதோடு அந்த ஊரில் லாவணியே நின்றுபோனது. என் கண்ணால் பார்த்தது.

சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். எரிந்தது பாதி, எரியாதது பாதி. பிள்ளைகளே எடுக்கட்டும். அண்ணனும் தங்கையும் எதிர் எதிர்க் கட்சியில் வந்தால் ரொம்ப நல்லது. தன் கருத்துக்கு எதிரான கட்சி வந்துவிட்டது என்று ஒரு பிள்ளை அழுதால் மாற்றித் தராதீர்கள். எங்கள் வாத்தியார் எங்களைப் பழக்கும்போது நடுவிலேயே இடம் மாற்றி உட்கார வைப்பார். இதுவரை எரியவில்லை என்று பாடினாயே, இப்போது எரிந்தான் என்று பாடு என்பார். எதிராளி பக்கத்து நியாயத்தை வாய்விட்டுப் பாடிப் பார்த்தவனுக்குத்தான் தன் பக்கத்தில் ஓட்டை எங்கே என்று தெரியும்.

இடம்: எந்தத் தெருக் காமன் முன்னாலும் வேண்டாம். பள்ளிக்கூட வாசலோ நூலக வாசலோ பாருங்கள். இரண்டு தெருக்காரர்களும் வந்து நிற்கும் இடம் ஊரில் அது ஒன்றாவது இருக்கும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பாடி முடித்த பிறகு பிள்ளைகள் எல்லோருமாக ஒரே கூட்டமாக முதலில் கீழத்தெருக் காமனுக்குப் போய் வரட்டி வைத்துவிட்டு, அப்புறம் மேலத்தெருக் காமனுக்கும் வைத்துவிட்டு வரட்டும். கீழத்தெருவுக்கு முதலில் போங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. பிள்ளைகள் போனால் பின்னாலேயே அம்மாக்கள் வருவார்கள். இரண்டு தெருப் பெரியவர்களையும் நேரில் பார்த்து முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காதில் விழுந்து தெரிந்துகொண்டால்தான் கோபம் வரும், வீட்டுக்கு வந்து சொன்னால் பெரும்பாலும் வராது.

பெண் பிள்ளைகள் விஷயம். எங்கள் காலத்தில் ஆண்கள்தான் பாடினோம், உண்மை. விடிய விடிய வெளியூரில் உட்கார வேண்டியிருந்தது, அதனால் அப்படி. உங்கள் ஊரில், உங்கள் முன்னால், எட்டு மணிக்குள் பாடுவதில் என்ன தடை? இந்தக் கேள்வியை முதலில் கேட்டதே ஒரு பெண் பிள்ளைதானே. அவளையே முதல் பாட்டுப் பாடச் சொல்லுங்கள். யாராவது ஏதாவது சொன்னால், ரதி கேட்டுத்தானே சிவனே மனம் இறங்கினார் என்று அவளே பதில் பாட்டுக் கட்டிவிடுவாள்.

கேள்விகளைப் புராணத்தோடு நிறுத்த வேண்டாம். எட்டு வீரட்டத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று கேட்கலாம். கண்டியூர். பிள்ளைகள் பஸ்ஸில் தினம் தாண்டிப் போவார்கள், பிரமன் தலையைக் கொய்த தலம் என்று தெரியாது. மன்மதனின் ஐந்து அம்பு எந்தெந்தப் பூ? தாமரை, மா, அசோகு, முல்லை, நீலோற்பலம். இந்த ஐந்தில் உங்கள் ஊரில் இப்போது கிடைப்பது எது, கிடைக்காதது எது என்று தேடிப் பார்த்து வரச் சொல்லுங்கள். மாம்பூ உடனே கொண்டுவந்துவிடுவார்கள். நீலோற்பலத்துக்குக் குளம் குளமாகப் போக வேண்டியிருக்கும். குளத்தங்கரைக்குப் பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும்.

இப்போது துந்தினா. வாங்கத் தேட வேண்டாம், செய்துவிடலாம். பெரிய பால்பவுடர் டின் ஒன்று எடுத்து, அடிப்பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தைச் சுத்தியலால் மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். ஊறப்போட்ட ஆட்டுத்தோலை அந்த அடிப்பக்கத்தில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். டின்னின் பக்கவாட்டில் இரண்டு முழ மூங்கில் கழியை ஆணி வைத்து இறுக்குங்கள். தோலின் நடுவில் ஊசித் துளை போட்டு, கம்பியை உள்ளிருந்து விட்டு, வெளிப்பக்கம் ஒரு சட்டைப் பொத்தானில் முடிந்துவிடுங்கள். பொத்தான் இல்லாவிட்டால் கம்பி தோலை அறுத்துக்கொண்டு வந்துவிடும். மறுமுனை கழியின் தலையில் இருக்கும் மரமுளையில் சுற்ற வேண்டும். முளையைத் திருகினால் சுருதி ஏறும். சின்ன மரச் சில்லால் மீட்டலாம். டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மீட்டும்போது கக்கத்தை லேசாக இறுக்கித் தளர்த்தினால் டுங் என்பது டுவாங் என்று வளையும். அந்தத் தாளக்காரப் பையனிடம் கொடுத்துப் பாருங்கள், நீங்கள் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவான்.

பத்தாம் வகுப்பு அப்பா:

மைக் இல்லை என்றதும் நிம்மதி. என் மகள் பரீட்சை முடிந்ததும் இந்த இரண்டு பாட்டையும் அவளுக்கும் காட்டப் போகிறேன். ஒரு சந்தேகம், கடைசியில் யார் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாமா?

எரியாத கட்சிக்காரன்:

எங்கள் பக்கம் யாரும் தீர்ப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு கட்சிக்குப் பதில் வராவிட்டால் அன்றைக்கு அது தோல்வி. ஆனால் கேள்வியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அடுத்த மாசிக்குப் பதிலோடு வரலாம். டீச்சரம்மா, பதில் வராத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை:

அந்த நோட்டை எங்களுக்கும் காட்டுங்கள் டீச்சர். எங்க ரதிக்கும் மதனுக்கும் நல்ல கேள்வி நாலு கிடைக்கும்.

காவேரிக்கரை டீச்சர்:

கட்டாயம் அனுப்புகிறேன் தம்பி. தலைமை ஆசிரியர் பள்ளிக்கூட வாசலுக்குச் சரி சொல்லிவிட்டார். கீழத்தெருப் பெரியவரைப் பார்த்துப் பேசிவிட்டேன், மேலத்தெருவுக்கு நாளைக்குப் போகிறேன். சீட்டுக் குலுக்கியாகிவிட்டது. அய்யா, டேப் மட்டும்தான் பாக்கி. கடையில் கேட்டால் பிளாஸ்டிக் தோல்தான் இருக்கிறது என்கிறார்கள்.

எரியாத கட்சிக்காரன்:

பிளாஸ்டிக் வாங்காதீர்கள். என்னுடையது பரணில் இருக்கிறது, தோல் நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை தஞ்சாவூர் வருகிறேன், கொண்டுவருகிறேன். உங்கள் பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். எப்படிப் பிடிப்பது என்று அங்கேயே காட்டித் தருகிறேன். எரிந்த கட்சியிலிருந்து ஒருவர், எங்கள் கட்சியிலிருந்து ஒருவர்.